விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு: கணினி கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் ஒரே குறை பல ஊர்களிலிருந்து வந்திருக்கிறது. மேசைக் கணினியின் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வருவதில்லை. கடைக்காரர்கள் இதை 'நோ டிஸ்ப்ளே' என்று இரண்டே சொற்களில் எழுதிவிடுவார்கள். ஆனால் அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் ஒரு டஜன் காரணங்கள் இருக்கக்கூடும். ஒத்த கேள்விகளைச் சேர்த்து ஆறு கடிதங்களுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி (வேதாரண்யத்தில் டி.டி.பி. நிலையம் நடத்தும் வாசகர்): மழைக்காலத்தில் நிலையத்தை ஏறத்தாழ ஒரு மாதம் மூடி வைத்திருந்தேன். திறந்து கணினியைப் போட்டபோது விசிறிகள் சுற்றின. திரையில் 'நோ சிக்னல்' என்று ஒரு முறை தோன்றி மறைந்தது, அதன் பின் இருட்டுதான். எச்.61 மதர்போர்டு, 4 ஜி.பி. டி.டி.ஆர்.3 ரேம் இரண்டு, வி.ஜி.ஏ. கேபிள். கடைக்குக் கொண்டு போனேன். திறந்து பார்த்த ஐந்தே நிமிடத்தில், மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: சற்றுப் பொறுங்கள். மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் பொருந்தும் தாய்ப்பலகை) பழுதாகியிருக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகு கடைசியில் எஞ்சி நிற்க வேண்டிய முடிவு. ஐந்து நிமிடத்தில் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியது அன்று. வேறொரு நல்ல ரேமை (கணினியின் தற்காலிக நினைவகம்) போட்டுப் பார்த்தாரா, வேறொரு எஸ்.எம்.பி.எஸ். (பெட்டிக்குள் இருக்கும் மின்வழங்கி) இணைத்துப் பார்த்தாரா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். இரண்டுக்கும் 'இல்லை' என்பது விடையானால், அவர் சோதிக்கவில்லை, ஊகித்திருக்கிறார்.

'நோ சிக்னல்' என்ற எழுத்து தோன்றியதை நீங்கள் மறக்காமல் எழுதியது பெரிய உதவி. அந்த எழுத்தை எழுதுவது கணினி அன்று, மானிட்டரே. ஆகவே மானிட்டருக்கு மின்சாரம் வருகிறது, அதன் பின்னொளி எரிகிறது, படத்துக்காகக் காத்திருந்து அது வராததால் உறங்கப் போயிருக்கிறது. இனி ஐயம் கேபிள் மீதும் பெட்டி மீதும்தான். நீல நிறச் செருகியை இரு முனைகளிலும் கழற்றி ஊசிகளைப் பாருங்கள். 1987-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த இந்த வி.ஜி.ஏ. செருகியில் மூன்று வரிசைகளில் 15 ஊசிகளுக்கு இடம் உண்டு. பல கேபிள்களில் ஒன்பதாவது ஊசி தயாரிப்பிலேயே இருக்காது. அதைக் கண்டு பதற வேண்டாம். 13, 14 ஆகிய ஊசிகள் வளைந்து மடங்கியிருக்கின்றனவா என்பதையே கவனிக்க வேண்டும். ஒத்திசைவுத் துடிப்புகள் அவற்றின் வழியே செல்வதால், அவை வராவிட்டால் மூன்று நிறங்களும் முழுமையாக வந்தாலும்கூட மானிட்டர் தனக்குச் சிக்னலே வரவில்லை என்று முடிவு கட்டிவிடும். நிறத்துக்குரிய ஊசி ஒன்று மட்டும் முறிந்திருந்தால் படம் வரும், ஆனால் மஞ்சளோ ஊதாவோ பூசியது போல வரும். பக்கத்துக் கடையிலிருந்து நல்ல கேபிள் ஒன்றை வாங்கி மாட்டிப் பார்ப்பது இந்த ஆராய்ச்சி எல்லாவற்றையும்விட விரைவானது.

கேபிளில் குறையில்லை என்றால், கணினியைப் போட்டு ஒரு நிமிடம் கழித்து விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள். தட்டத் தட்ட அதன் விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே கணினி இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது, படம் வெளியே வரும் வழியில் எங்கோ தடை. விளக்கு அசையவில்லை என்றால், பெரும்பாலும் கணினி தன் தொடக்கச் சோதனையையே முடிக்கவில்லை. மின்சாரம் கிடைத்தவுடன் பயாஸ் (மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) முதலில் செயலியைத் தயார்படுத்தி, அடுத்து ரேமைச் சரிபார்த்து, அதன் பிறகே படத்தை அனுப்பும் பகுதியைத் தட்டி எழுப்புகிறது. ரேமில் இடறினால் அது அங்கேயே நின்றுவிடும். நின்றுவிட்டேன் என்று திரையில் எழுதிக் காட்டவும் அதற்கு வழியில்லை. விசிறிகளுக்கு இந்தச் சோதனை எதுவும் தேவையில்லை, 12 வோல்ட் கிடைத்தால் போதும், சுற்றும். திரை இருண்டதற்குத் திரையோடு தொடர்பே இல்லாத ரேம் காரணமாவது இப்படித்தான். அதிலும் உங்கள் கணினியில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததால், படம் வரைவதற்கான நினைவகத்தையும் அந்த ரேமிலிருந்தே கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

உப்பளங்கள் சூழ்ந்த ஊரில், மழைக்காலத்தில், ஒரு மாதம் சூடேறாமல் மூடிக் கிடந்த பெட்டி என்பதைச் சேர்த்துப் பார்க்கும்போது என் முதல் ஐயம் ரேமின் தொடுமுனைகள் மீதே விழுகிறது. நாள்தோறும் ஓடும் கணினியின் உட்புறம் வெதுவெதுப்பாக இருப்பதால் ஈரம் தங்காது. மூடிக் கிடந்தால் உப்புக் காற்றின் ஈரம் படிந்து, பித்தளைப் பாத்திரத்தில் களிம்பு ஏறுவது போல ஒரு மெல்லிய படலம் தொடுமுனைகளில் ஏறிவிடும்.

மின் இணைப்பைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட்டு, கணினியின் பொத்தானைப் பத்து இருபது வினாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். கேபினெட்டின் பூச்சில்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டு இரண்டு ரேம்களையும் கழற்றுங்கள். தங்க நிற முனைகளை அழிப்பானால் தேய்ப்பது நம் ஊர்க் கடைகளின் தலைமுறை வழக்கம். அது தவறன்று, ஆனால் அதற்குக் கிடைக்கும் புகழில் பாதி, கழற்றி மீண்டும் அழுத்தி மாட்டியதற்குச் சேர வேண்டியது. தேய்ப்பதாக இருந்தால் பென்சிலுக்குரிய மென்மையான வெள்ளை அழிப்பானால் இரண்டு மூன்று முறை மெல்லத் தேய்த்தால் போதும். மையெழுத்தை அழிக்கும் சொரசொரப்பான அழிப்பான் தங்கப் பூச்சையே சுரண்டிவிடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் அதில் நனைத்த துணியே மேல். ரேம் செருகும் பள்ளத்தை வாயால் ஊதாதீர்கள். தூசியை விரட்டப் போய் எச்சில் ஈரத்தை உள்ளே அனுப்புவதாகும். மென்மையான தூரிகை போதும். பிறகு ஒரே ஒரு ரேமை, இருபுறக் கொக்கிகளும் 'டக்' என்று விழும் வரை அழுத்தி மாட்டிக் கணினியைப் போடுங்கள். வராவிட்டால் அணைத்து அதே ரேமை அடுத்த பள்ளத்திலும், அதன் பிறகு மற்ற ரேமை இரண்டு பள்ளங்களிலும் முயலுங்கள். நான்கு முயற்சிகள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மாற்றம். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றிவிட்டுப் படம் வந்தால் மகிழ்ச்சிதான், ஆனால் எது பழுது என்பது தெரியாது. அடுத்த வாரம் மீண்டும் இதே இடத்தில் நிற்பீர்கள்.

நான்கிலும் படம் வரவில்லையா? கடைக்காரரின் தீர்ப்பைச் சரிபார்க்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. மதர்போர்டின் ஓரத்தில் 'ஸ்பீக்கர்' என்று குறித்த நான்கு முனைகளில் மாட்டும் சிறிய பீப் ஒலிப்பான் ஒன்றை வாங்கிப் பொருத்துங்கள். சுண்டுவிரல் நுனியளவே இருக்கும், விலை மிகக் குறைவு. இரண்டு ரேம்களையும் கழற்றி வைத்துவிட்டுக் கணினியைப் போடுங்கள். 'ரேம் எங்கே' என்று கேட்பது போல அது விட்டு விட்டுக் கத்தினால், செயலி உயிரோடிருக்கிறது, பயாஸ் படிக்கப்படுகிறது, மதர்போர்டின் பெரும்பகுதி வேலை செய்கிறது. செத்துப்போன பலகை கத்தாது. அப்போது நண்பரிடமிருந்து ஒரு டி.டி.ஆர்.3 ரேமை இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பதே அடுத்த வேலை. ரேம் இல்லாமலும் அது மௌனமாகவே இருந்தால்தான் செயலி, மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ். ஆகிய மூன்றின் பக்கம் ஐயம் திரும்ப வேண்டும்.

அந்த நிலையிலும் மூன்று இடங்களைப் பார்க்காமல் பலகையை மாற்றாதீர்கள். செயலிக்கு அருகே 12 வோல்ட் தரும் நான்கு முனைச் செருகி ஒன்று தனியே வரும். பெண்டியம் 4 காலத்தில், 2000-ஆம் ஆண்டு வாக்கில் வந்த ஏற்பாடு இது. பெரிய 24 முனைச் செருகி மட்டும் மாட்டியிருந்து இது நழுவியிருந்தால், விசிறிகள் சுற்றும், விளக்கு எரியும், செயலிக்கு மட்டும் சோறு கிடைக்காது. அடுத்தது, நாணய வடிவிலுள்ள சி.ஆர்.2032 பேட்டரி. மின் இணைப்பைத் துண்டித்து அதைக் கழற்றி ஐந்து நிமிடம் வைத்திருந்து மாட்டினால் பயாஸின் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும். மூன்று வோல்ட் பேட்டரி இரண்டரைக்குக் கீழே இறங்கியிருந்தால் புதியதே போட்டுவிடுங்கள். மூன்றாவதாக, செயலியைச் சுற்றி நிற்கும் உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டிய தலை உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் ஏதேனும் கசிந்திருந்தாலோ கடைக்காரர் சொன்னது சரிதான்.

சரியாக இருந்தாலும், எச்.61 பலகைக்குப் பெருந்தொகை செலவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது 2011-இல் வந்த தலைமுறை. அதில் பொருந்தும் செயலிகள் விண்டோஸ் 11-க்கான மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இல்லை, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளுக்காகவே அந்தக் கணினியை வைத்திருக்கிறீர்கள் என்றால், பயன்படுத்திய பலகை ஒன்றைச் சோதித்து வாங்கிக்கொள்வது போதுமானது.

கேள்வி (கோயம்புத்தூர் கல்லூரி மாணவி): ஐ5-12400எஃப் செயலியும் ஒரு கிராஃபிக்ஸ் கார்டும் வாங்கி நானும் அண்ணனும் வீட்டிலேயே கணினி அசெம்பிள் செய்தோம். எல்லா விளக்குகளும் வண்ண வண்ணமாக எரிகின்றன, மானிட்டரில் மட்டும் படமில்லை. ரேமை நான்கு முறை கழற்றி மாட்டிவிட்டோம்.

பதில்: ரேமை விட்டுவிடுங்கள்; எச்.டி.எம்.ஐ. கேபிளை எங்கே செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். கேபினெட்டின் பின்புறம் யு.எஸ்.பி. துளைகளுக்கு அருகே நிமிர்ந்த வரிசையில் இருப்பது மதர்போர்டின் துளை. அதற்குக் கீழே படுக்கைவாட்டில் இருப்பது கிராஃபிக்ஸ் கார்டின் துளை. உங்களுடையது போன்ற இன்டெல் செயலியின் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் அதற்குள் படம் வரையும் பகுதி செயல்படாது என்று பொருள், மதர்போர்டில் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தாலும் அதிலிருந்து எதுவும் வராது. ஏ.எம்.டி.யில் ரைசன் 5 3600, 5600 போன்றவையும் இவ்வகையே. அந்தத் தலைமுறைகளில் பெயரின் கடைசியில் 'ஜி' இருந்தால்தான் உள்ளேயே படம் வரையும் திறன் உண்டு. கேபிளை கார்டில் மாட்டிய பிறகும் வராவிட்டால், கார்டின் மேல்விளிம்பில் செருக வேண்டிய ஆறு அல்லது எட்டு முனை மின் இணைப்பு விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். விசிறி சுற்றுவதால் கார்டுக்குப் போதிய மின்சாரம் கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கன்று, டி.டி.ஆர்.5 ரேமுடன் ரைசன் 7000 வரிசைக் கணினி அசெம்பிள் செய்வோருக்கு: முதல் முறை போடும்போது ரேமைப் பழக்கிக்கொள்வதற்கு அந்தக் கணினி சில நிமிடங்கள் இருட்டிலேயே இருக்கும். பொறுமையிழந்து இடையில் அணைத்தால் முதலிலிருந்து தொடங்கும். தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர், ஓய்வு பெற்ற ஆசிரியர்): என் கணினி ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலியும் எழுப்புகிறது. இணையத்தில் ஓரிடத்தில் கிராஃபிக்ஸ் கார்டு பழுது என்றும், இன்னோரிடத்தில் ரேம் பழுது என்றும் போட்டிருக்கிறார்கள். எது உண்மை?

பதில்: இரண்டும் உண்மை, வெவ்வேறு கணினிகளுக்கு. பயாஸ் எழுதும் நிறுவனங்கள் தம்முள் கலந்து பேசி இந்த ஒலிகளை வகுத்துக்கொள்ளவில்லை. பழைய அவார்டு பயாஸில் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகியவையும் படம் வரையும் பகுதியில் கோளாறு என்பதைக் குறிக்கும். ஆசஸ் மதர்போர்டுகளின் கையேட்டில் அதே ஒலிக்குப் பொருள் ரேம் கண்டறியப்படவில்லை என்பது. கிராஃபிக்ஸ் கண்டறியப்படவில்லை என்றால் அது ஒரு நீண்ட ஒலிக்குப் பின் மூன்று குறுகிய ஒலிகளை எழுப்பும். ஆகவே ஒலியை எண்ணுவதற்கு முன் மதர்போர்டின் மீது அச்சிட்டிருக்கும் மாதிரிப் பெயரைக் குறித்துக்கொண்டு, அதன் கையேட்டையே பாருங்கள். பொதுப் பட்டியல்களை நம்பிப் பொருள் வாங்காதீர்கள். ஒரு நண்பருக்கு நானே அப்படிப் பட்டியலைப் பார்த்துச் சொல்லி, அவர் தேவையில்லாத கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

அலுவலகங்களிலிருந்து கழித்துவிடப்பட்டுச் சந்தைக்கு வரும் எச்.பி. கணினிகளை வைத்திருப்போருக்கு இந்தக் குழப்பம் குறைவு. அவற்றில் பழையவை பலவற்றில் முன்புறப் பொத்தானின் விளக்கு சிவப்பாக மின்னி, இடையில் இரண்டு வினாடி ஓய்வெடுத்து, மீண்டும் மின்னும். ஐந்து முறை மின்னினால் ரேம், ஆறு முறை மின்னினால் கிராஃபிக்ஸ், நான்கு முறை என்றால் மின்வழங்கி. புதிய மதர்போர்டுகளிலோ ஒலிப்பானே இருப்பதில்லை. அதற்குப் பதில் பலகையின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று பெயரிட்ட நான்கு சிறு விளக்குகள் பலவற்றில் உண்டு. சோதனை எங்கே நின்றதோ அந்த விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். அங்கே 'சிபியு' என்பது செயலி என்ற சில்லை மட்டும் குறிக்கும். நாம் முழுப் பெட்டியையும் 'சிபியு' என்று அழைத்துப் பழகிவிட்டோம். அதனால் 'சிபியு விளக்கு எரிகிறது, நல்லதுதானே' என்று ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார்.

கேள்வி (தாம்பரம் வாசகர்): கணினியைப் போட்டதும் நிறுவனத்தின் சின்னம் வருகிறது, விண்டோஸின் சுழலும் புள்ளிகளும் வருகின்றன, அதன் பின் திரை கறுத்துவிடுகிறது. ரேம் மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். சின்னம் திரையில் தெரிந்துவிட்டது என்றால் தொடக்கச் சோதனை முடிந்துவிட்டது. மானிட்டர், கேபிள், ரேம், மதர்போர்டு எல்லாம் படம் காட்டுமளவுக்கு நலம். விண்டோஸ் தன் கிராஃபிக்ஸ் டிரைவரை (படம் வரையும் பகுதியை இயக்கும் மென்பொருள்) ஏற்றும் இடத்தில்தான் இருள்கிறது. முதலில் விண்டோஸ் விசையுடன் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டிரைவர் மீண்டும் தொடங்கப்படும், சில நேரம் அதிலேயே படம் திரும்பிவிடும். அண்மையில் கணினியைத் தொலைக்காட்சியுடன் இணைத்திருந்தீர்களா? அப்படியானால் 'இரண்டாம் திரை மட்டும்' என்ற அமைப்பு தங்கியிருக்கலாம். விண்டோஸ் விசையையும் ஆங்கில எழுத்து 'பி' விசையையும் சேர்த்து அழுத்தி, கீழ் அம்புக்குறியை ஒரு முறை தட்டி, என்டர் கொடுத்து, சில வினாடி காத்திருந்து, மீண்டும் அதையே செய்து பாருங்கள். குருட்டுத்தனமாகத் தோன்றினாலும் பயன் தரும். (முதல் விசைச் சேர்க்கையில் உள்ளது அகரவரிசையின் இரண்டாம் எழுத்து, இங்கே உள்ளது 'பிரின்ட்' என்ற சொல்லின் முதல் எழுத்து. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.)

இவை பயன்படாவிட்டால், மிகத் தேவையான மென்பொருளோடு மட்டும் விண்டோஸ் தொடங்கும் சேஃப் மோடுக்குச் செல்ல வேண்டும். புள்ளிகள் சுழலும்போது பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸ் தானே பழுதுபார்க்கும் பக்கத்தைக் காட்டும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய், கணினி மறுபடி தொடங்கியதும் 4 என்ற எண்ணைத் தட்டுங்கள். சேஃப் மோடில் படம் வந்தால் பெரும்பாலும் டிரைவர்தான் குற்றவாளி. டிவைஸ் மேனேஜரில் அதை நீக்கிவிட்டு, உங்கள் கார்டை அல்லது செயலியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புதியதை நிறுவுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஒவ்வொரு முறையும் படம் வந்து சரியாக இரண்டு வினாடியில், விண்டோஸ் எந்தக் கட்டத்தில் இருந்தாலும், கறுத்துப்போகிறது என்றால் அது மானிட்டரின் பின்னொளிக் கோளாறு. அறையை இருட்டாக்கி, கைவிளக்கைத் திரைக்கு அருகே சாய்த்துப் பிடியுங்கள். மங்கலாக எழுத்துகளும் படங்களும் தெரிந்தால் படம் இருக்கிறது, ஒளிதான் இல்லை. குழல்விளக்கைப் பின்னொளியாகக் கொண்ட பழைய எல்.சி.டி. மானிட்டர்களில் இது அடிக்கடி நேரும்.

கேள்வி (தருமபுரி வாசகர், கோழித்தீவனக் கடை): இடி மின்னலுக்குப் பிறகு கணினி போட்ட இரண்டு வினாடியில் தானாக அணைந்துவிடுகிறது. எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறந்து பார்க்கலாமா? பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் இணைத்தால் சோதிக்கலாம் என்கிறார்களே?

பதில்: திறக்கக் கூடாது. நம் 230 வோல்ட் மின்சாரம் உள்ளே நேர்மின்னாக மாறும்போது ஏறத்தாழ 325 வோல்ட் அளவில் பெரிய கெப்பாசிட்டர்களில் தேங்குகிறது. சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் நிற்கும். இந்த ஒரு பகுதியை மட்டும் வீட்டில் பழுதுபார்க்க நான் யாருக்கும் வழி சொல்வதில்லை.

பச்சை-கறுப்புச் சோதனை வெளியிலிருந்தே செய்வது, அதைச் செய்யலாம். மின்சாரத்தைத் துண்டித்து, எஸ்.எம்.பி.எஸ்.ஸின் எல்லாச் செருகிகளையும் மதர்போர்டு, ஹார்டு டிஸ்க் முதலியவற்றிலிருந்து கழற்றிவிட்டு, 24 முனைச் செருகியில் பச்சைக் கம்பியின் துளையையும் அதன் பக்கத்துக் கறுப்புக் கம்பியின் துளையையும் ஒரு காகிதக் கிளிப்பால் இணைத்த பிறகு மின்சாரம் கொடுக்க வேண்டும். எல்லாக் கம்பிகளும் கறுப்பாக இருக்கும் வகையானால் பச்சைக்குரியது 16-ஆவது முனை. விசிறி சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ். பழுது. சுற்றினால் நலம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வெறுங்கையோடு நடப்பவன் மூட்டையைத் தூக்கினால் விழலாம். மல்டிமீட்டர் இருந்தால் மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை வோல்ட் இருக்க வேண்டும். ஐந்து விழுக்காட்டு ஏற்ற இறக்கமே அனுமதி. கணினியோடு இணைத்த நிலையிலும் இதே அளவுகள் நிற்கின்றனவா என்பதே உண்மையான சோதனை.

எஸ்.எம்.பி.எஸ். நலமாக இருந்தும் இரண்டு வினாடியில் அணைகிறது என்றால், எங்கோ ஷார்ட் ஆவதை உணர்ந்து அது தன்னையே காத்துக்கொள்கிறது. ஹார்டு டிஸ்க், டி.வி.டி. டிரைவ், முன்புற யு.எஸ்.பி. கம்பி, கூடுதல் கார்டுகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, செயலியும் ஒரே ஒரு ரேமும் மட்டும் வைத்துப் போடுங்கள். நின்று ஓடினால் ஒவ்வொன்றாகச் சேர்த்து வாருங்கள், விழ வைப்பது எதுவென்று தெரிந்துவிடும். பலகைக்கு அடியில் கழன்ற திருகு ஏதேனும் உருண்டு கிடக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு வினாடி என்றில்லாமல் அரை நிமிடம், ஒரு நிமிடம் ஓடி அணைந்தால் அது வெப்பம்: இன்டெல் குளிர்விப்பானின் நான்கு பிளாஸ்டிக் ஊன்றுகளில் ஒன்று கழன்றிருந்தாலே போதும். உங்கள் கடையில் மூன்று முனைத் துளைக்கு உண்மையிலேயே எர்த் இணைப்பு இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஒரு முறை பார்த்துவிடுங்கள். மின்னல் நாள்களில் யு.பி.எஸ். இருந்தாலும் செருகியைப் பிடுங்கிவிடுவதே வழி. பிராட்பேண்டு கம்பியையும் சேர்த்து.

கேள்வி (திருவள்ளூர் வாசகர்): சென்னை ரிச்சி தெருவில் 8 ஜி.பி. டி.டி.ஆர்.3 ரேம் ஒன்று மலிவாகக் கிடைத்தது. என் இன்டெல் கணினியில் போட்டால் திரை இருட்டு. பழைய 4 ஜி.பி. ரேமைப் போட்டால் வருகிறது. பள்ளத்தில் சரியாகவே பொருந்துகிறது. ரேம் பழுதா?

பதில்: பழுதாக இல்லாமலும் இருக்கலாம். டி.டி.ஆர்.3 ரேமில் 240 முனைகள், டி.டி.ஆர்.4-இல் 288, வெட்டும் வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றை மற்றொன்றின் பள்ளத்தில் செருக முடியாது. ஆனால் ஒரே டி.டி.ஆர்.3-க்குள்ளும் ஒரு பிரிவு உண்டு. மலிவான 8 ஜி.பி. ரேம்களில் ஒரு வகை, ஏ.எம்.டி. மதர்போர்டுகளில் மட்டும் வேலை செய்யும். உள்ளே சில்லுகள் அடுக்கப்பட்டிருக்கும் முறையை இன்டெல் செயலிகளின் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதி ஏற்காது. வடிவம் ஒன்றே என்பதால் பள்ளத்தில் அழகாகப் பொருந்தும், திரை மட்டும் வராது. ரேமின் ஒட்டுத்தாளில் ஏ.எம்.டி.க்கு மட்டும் என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்; சில வேளை அந்த ஒட்டுத்தாளே கிழிக்கப்பட்டிருக்கும். ஏ.எம்.டி. கணினி வைத்திருக்கும் யாரிடமாவது போட்டுக் காட்டி, அங்கே வேலை செய்தால், மாற்றித் தரும்படி கடையில் கேளுங்கள். அடுத்த முறை அந்தத் தெருவுக்குப் போகும்போது உங்கள் மதர்போர்டின் பெயரை ஒரு சீட்டில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் கடையிலேயே ஓர் இன்டெல் கணினியில் அந்த ரேமைப் போட்டுப் படம் வருவதைப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.